பன்னிரண்டாவது வட்டம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை எழுதக்கூடாது என்று எனக்குத் தடை இருக்கிறது. தடை போட்டது என் அக்கா. "ஊரு உலகத்துல உனக்கு எழுத வேற எதுவுமே கெடைக்கலையா? என் வண்டிய மட்டும் விட்டுடுடி, உனக்குப் புண்ணியமாப் போகும்," என்றாள். பெரிய நல்லவள் மாதிரி தலையாட்டினேன். மாடிக்கு வந்ததும் புது நோட்டு ஒன்றைப் பிரித்தேன். என் லட்சணம் இதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அக்காவிடம் நான் சொல்லியாக வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து சொல்லவில்லை, இன்று வியாழன். சொல்வதற்குப் பதிலாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வண்டி ஒரு பிக்கப். வெள்ளை நிறம். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. அக்கா சலவைக்கூடம் நடத்துகிறாள். விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இருந்து படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக எடுத்துவந்து, வெளுத்து, தேய்த்து, மடித்துத் திருப்பிக் கொடுப்பாள். வீட்டில் கீழே அவளும் அத்தானும். மாடி அறையில் நான். வண்டி நிற்பது என் ஜன்னலுக்கு நேர் கீழே. அதனால் நான் எட்டிப் பார்த்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. நிமிர்ந்தாலே தெரிகிறது.

2

தொடக்கம் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. எழுதிப் பார்த்தவற்றை அப்படியே வைக்கிறேன், நீங்களும் கொஞ்சம் கஷ்டப்படுங்கள்.

"அந்த வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோதே அதற்குள் வேறு யாரோ" [நிறுத்தினேன். பேய்ப்பட விளம்பரம்.]

"மனிதனின் கையும் இயந்திரத்தின் உடலும் சந்திக்கும் அந்தப் புள்ளியில்தான் நவீன" [இதை எழுதியதற்காக என்னை நானே கிள்ளிக்கொண்டேன்.]

"வண்டியில் பன்னிரண்டு வட்டங்கள் இருந்தன. தாளில் பதினொன்றுதான் இருந்தது."

இது பரவாயில்லை. இதிலிருந்து போகலாம்.

3

வண்டியில் பன்னிரண்டு வட்டங்கள் இருந்தன. தாளில் பதினொன்றுதான் இருந்தது.

தாள் அத்தானுடையது. பிக்கப் செய்கிற தொழிற்சாலையின் கடைசி வாசலில் பத்தொன்பது வருடங்களாக நிற்கிறார். தயாராகி வெளியே வருகிற ஒவ்வொரு வண்டியின் பாடியையும் பார்த்து, எங்கெங்கே பழுது என்று குறிப்பது அவர் வேலை. பார்த்து என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் பார்ப்பதில்லை. இடது உள்ளங்கையைத் தகட்டின் மேல் வைத்து நடந்துகொண்டே இருப்பார். கை ஓரிடத்தில் நிற்கும். வலது கையில் இருக்கும் மஞ்சள் மெழுகுப் பென்சில் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போடும். அதற்குப் பிறகுதான் குனிந்து பார்ப்பார். "கை முதல்ல, கண்ணு அப்புறம்" என்பார். அப்படித்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கண்ணுக்காகக் காத்திருந்தால் அடுத்த வண்டி வந்து முட்டி நிற்குமாம். வட்டத்துக்குப் பக்கத்தில் எண் போடுவார், தாளில் எழுதுவார். வண்டி பெயிண்டரிடம் போகும். பெயிண்டர் பழுதைச் சரிசெய்து வட்டத்தை அழிப்பார். அழித்துவிட்டால் பழுது தீர்ந்தது என்று கணக்கு.

வட்டம் அதிகமாக விழுந்த வண்டியைக் கடைக்கு அனுப்பமாட்டார்கள். சரிசெய்து ஊழியர் வீடுகளுக்கே கொடுத்துவிடுவார்கள். அக்காவுக்கு வாய்த்தது அப்படி ஒன்று. போனட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இடைவெளி ஒரு முனையில் மெலிசு, மறுமுனையில் விரல் நுழையும். பின்கதவு ஒரு நூல் கோணல். கூரையில் பெயிண்ட் வழிந்து சொட்டாகவே உறைந்திருந்தது. வலது மட்கார்டில் பெயிண்டுக்கு அடியில் ஒரு தலைமுடி. புது வண்டிக்கு இவ்வளவா என்று வாயைப் பிளக்காதீர்கள். ஒவ்வொரு வண்டியும் இப்படி ஏதாவது ஒன்றோடுதான் பிறக்கிறது. நீங்கள் வாங்கும்போது யாரோ அழித்துவிட்டிருப்பார்கள்.

பதினொன்றையும் முடித்துவிட்டுப் பெயிண்டர் அத்தானைக் கூப்பிட்டார்.

"சார், டிரைவர் கதவுல கைப்பிடிக்குக் கீழ ஒரு வட்டம் இருக்கு. நம்பர் இல்ல. தடவிப் பாத்துட்டேன், உள்ள ஒண்ணுமே இல்ல."

"நான் பதினொண்ணுதான் போட்டேன்பா."

"அப்ப அழிச்சுடவா?"

"அழிச்சுடு."

வண்டி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் டிரைவர் கதவில், கைப்பிடிக்குக் கீழே, உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம். பெயிண்ட் உரியவில்லை. கீறல் இல்லை. யாரும் இடிக்கவில்லை. உள்ளே இருந்து யாரோ தகட்டைப் பிடித்து மெதுவாக இழுத்த மாதிரி இருந்தது.

(அடிக்குறிப்பு: பெயிண்டர் பாத்திரத்தை முதல் வரைவில் நரைத்த தாடியோடு, நிறுத்தி நிதானமாகப் பேசும் ஞானியாக எழுதியிருந்தேன். நேரில் போய்ப் பார்த்தால் ஆளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஓயாத வாய். பேசும்போதே போனில் கிரிக்கெட் பார்க்கிறார். தாடியைச் சிரைத்துவிட்டேன்.)

4

அதன் பிறகு வட்டங்கள் வர ஆரம்பித்தன.

ஞாயிற்றுக்கிழமை தொட்டியின் இடப்பக்கம் ஒன்று. அத்தான்தான் முதலில் பார்த்தார். முகம் வெளிறிப்போய் உள்ளே வந்தார். "யாருடி வந்தது? கேட்டப் பூட்டலையா?" என்றார். அக்கா ஈரத்துணியை எடுத்துவந்து அழித்தாள். புதன்கிழமை அங்கே பள்ளம். அடுத்தது கூரையில். அதையும் அழித்தாள். அதுவும் உள்ளே போனது.

மூன்றாவது தடவை அக்கா துணியை எடுக்கவில்லை. "இரு. அழிச்சாத்தானே வருது? அழிக்காம விட்டா?" என்றாள். விட்டோம். மூன்று நாள் போயிற்று. ஒரு வாரம் போயிற்று. பள்ளம் வந்த மாதிரி தெரியவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சட்டம் ஒன்று உண்டானது. வட்டத்தைத் தொடக்கூடாது, துடைக்கக்கூடாது, மழையில் வண்டியை நிறுத்தக்கூடாது. யாரும் பேசி முடிவெடுக்கவில்லை. தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது.

புது வட்டங்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. வெள்ளை வண்டியில் ஏழு மஞ்சள் வட்டங்களோடு அக்கா ஊரைச் சுற்றினாள். மருத்துவமனைக் காவலாளி, "என்னம்மா, வண்டிக்கு அம்மை போட்டிருக்கா?" என்று கேட்டாராம். அக்கா வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன நீங்க, எல்லாத்துக்கும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு?"

"யாரோ நம்ம வீட்டுக்குள்ள வந்துட்டுப் போறான். உனக்குச் சிரிப்பா இருக்கா?"

"வந்தவன் வட்டம் போட்டுட்டுத்தான போறான்? வீட்டப் பெருக்கிட்டுப் போனா இன்னும் நல்லா இருக்கும்."

அவள் அப்படித்தான். பயம் வந்தால் வாய் நீளும்.

5

இந்தப் பகுதியை ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். இப்போது நேராகச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை அக்கா தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் காபிக்காகக் கீழே போயிருந்தேன். முடியைத் தூக்கிக் கொண்டை போட்டபோது அவள் கழுத்து தெரிந்தது. பின்னால், இடப்பக்கம், முடி முடிகிற இடத்துக்குக் கீழே, ஒரு மஞ்சள் வட்டம். பாதி அழிந்திருந்தது. குளித்துவிட்டு வந்திருக்கிறாள், துவட்டியிருக்கிறாள். அவளுக்குத் தெரியாது.

எனக்குப் பயம் வந்தது. உண்மை. ஆனால் அது இரண்டாவதாக வந்தது. முதலில் வந்ததையும் சொல்லித் தொலைக்கிறேன். முதலில், "அப்பாடா, கதைக்கு முடிவு கிடைத்துவிட்டது" என்று தோன்றியது.

[இந்த வரியை எடுத்துவிடலாமா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. கதையில் நான் நல்லவளாகத் தெரிந்து என்ன ஆகப்போகிறது?]

"என்னடி அப்படிப் பாக்கற?" என்றாள்.

"நூல் ஒட்டிக்கிட்டு இருக்கு," என்று சொல்லி, எடுக்கிற சாக்கில் விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. சூடாக இருந்தது. ஒன்றும் தட்டுப்படவில்லை. மிச்சமிருந்த மஞ்சள் என் விரலோடு வந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சட்டப்படி, அக்காவின் வட்டத்தைக் கடைசியாக அழித்தது நான்.

6

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. நல்ல வெளிச்சம். ஜன்னலில் உட்கார்ந்து "முடிவு" என்று தலைப்பிட்டு அதன் கீழே கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கீழே அத்தான் வேலைக்குக் கிளம்பி நின்றார். போன் வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசினார். அலுவலக விஷயம் ஏதோ. "ஆமா, ஆமா, அந்த ஷிப்டுக்கு ஆள் இல்லனு நேத்தே சொன்னேன்ல" என்று சொல்லிக்கொண்டே வண்டியைச் சுற்றி நடந்தார். இடது கை தகட்டின் மேல் இருந்தது.

பின்கதவுப் பக்கம் கை நின்றது. பேச்சு நிற்கவில்லை. வலது கை சட்டைப் பைக்குப் போனது. பென்சிலை எடுத்தது. வட்டம் போட்டது. பென்சிலைத் திரும்பப் பையில் வைத்தது. கண் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. "சரி, நான் வந்து பாத்துக்கறேன்" என்று போனை அணைத்தார். திரும்பினார். பின்கதவைப் பார்த்தார்.

இரண்டடி பின்னால் போனார். கேட்டைப் பார்த்தார், தெருவின் இரு பக்கமும் பார்த்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

"வெளிய வா. சீக்கிரம் வா. இன்னொண்ணு போட்டுட்டுப் போயிருக்கான்."

அவர் நடிக்கவில்லை. நடிப்பு வரக்கூடிய மனிதரே இல்லை அவர். எங்கள் வீட்டுக் கல்யாண வீடியோக்களில் கூட அவரால் சிரிக்க முடியாது. அந்த முகத்தில் இருந்தது சுத்தமான பயம். தன் கை போட்ட வட்டத்தைப் பார்த்து ஒரு மனிதர் நடுங்குவதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். எழுதியும் வைத்தேன். கூப்பிட்டுச் சொல்லவில்லை.

7

நேற்று பெயிண்டரைப் போய்ப் பார்த்தேன். தொழிற்சாலைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கூடத்தில் ஒரு கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் அத்தானின் மச்சினி என்றதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஜன்னலில் பார்த்ததைச் சொன்னேன்.

"தெரியும் அக்கா," என்றார். "வட்டத்தப் பாத்தாலே தெரியும். அவரு வட்டம் முழுசாச் சேராது, அடியில கொஞ்சம் தொறந்தே இருக்கும். சொல்லியும் பாத்துட்டேன். நான் போடலப்பானு சத்தியம் பண்றாரு. நெசமாவே அவருக்குத் தெரியல."

"சரி, அழிச்சா ஏன் பள்ளம் விழுது?"

அவர் போனில் ஓடிக்கொண்டிருந்த கிரிக்கெட்டை நிறுத்தினார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"அழிக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லக்கா. தகட்ட அச்சுல வெச்சு அழுத்தறப்ப சில எடத்துல இழுப்பு உள்ளயே தங்கிடும். வெளிய அம்சமா இருக்கும். வெயில் பட்டு, குலுங்கி, ஒருநாள் டொப்புனு உள்ள போயிடும். அது வர்ற வரைக்கும் யாருக்கும் தெரியாது. என் கைக்கே தெரியாது. அவரு கைக்குத் தெரியுது. முன்னல்லாம் பழுது இருந்தா நிக்கும். இப்ப வரப்போற பழுதுக்கும் நிக்குது. அவ்வளவுதான்."

"அழிக்காம விட்டதுல பள்ளம் வரலையே."

"வட்டத்துக்குள்ள கைய வெச்சுப் பாத்தீங்களா?"

இல்லை. பயத்தில் யாரும் தொடவே இல்லை.

"போய்ப் பாருங்க. வெள்ளப் பெயிண்டுல சின்னப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது." கொஞ்ச நேரம் உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "அவருகிட்டச் சொல்லிடாதீங்க. மூணு மாசம் முன்னாடி இங்க கேன்டீன்காரரு ஒருத்தரு கையப் புடிச்சுக்கிட்டு சார் பேசிட்டு இருந்தாரு. போனப்புறம் பாத்தா கேன்டீன்காரரு மணிக்கட்டுல வட்டம். எல்லாரும் சிரிச்சோம். 'உனக்கும் பட்டி பூசி அடைக்கணும்யா'னு நான்தான் சொன்னேன்."

"அவரு இப்ப எங்க?"

"இப்ப வேலைக்கு வர்றதில்ல," என்றார்.

ஏன் என்று கேட்டேன். கேன்டீன்காரரின் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருப்பதாகச் சொன்னார். திரும்பவும் கதவைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து வண்டியில் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் உள்ளங்கையை வைத்தேன். நான்கு ஏற்கனவே உள்ளே போயிருந்தன. ஒன்றில் என் கை பட்டதும் தகடு மெல்ல அமுங்கித் திரும்ப வந்தது. மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

8

இப்போது நீங்கள் என்னைத் திட்டலாம். பெயிண்டர் சொன்னது நேற்று மதியம். நேற்று மதியத்திலிருந்து இன்று காலை வரை நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? முடிவு எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று முடிவுகள். மூன்றும் மோசமில்லை, அதுதான் வெட்கக்கேடு.

முதல் முடிவு: அக்கா தான் விரிப்பு கொடுக்கிற மருத்துவமனைக்கே போகிறாள். கழுத்தை அமுக்கிப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். ஒன்றும் இல்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருகிறார்கள். [கேன்டீன்காரரை என்ன செய்வது? அவரை வேறு ஊருக்கு வேலை மாற்றி அனுப்பிவிடலாம். எழுதுகிறவளுக்கு ஒரு வரி போதும்.]

இரண்டாம் முடிவு: ஊர் முழுக்க வட்டங்கள். பேருந்தில் முன்னால் உட்கார்ந்திருப்பவர் பிடரியில், வகுப்பறைச் சுவரில், பாலத்தில். கடைசியில் கதைசொல்லி கண்ணாடியைப் பார்க்கிறாள், அவளுடைய நெற்றியில் [போதும். மலிவு.]

மூன்றாம் முடிவு: அத்தானுக்கு உண்மை தெரியவருகிறது. பென்சிலை உடைத்துப் போடுகிறார். இடது கையைப் பேன்ட் பைக்குள் விட்டபடியே நடக்கிறார், சாப்பிடும்போதும் எடுப்பதில்லை, மனைவியைத் தொடுவதில்லை. வட்டங்கள் நின்றுவிடுகின்றன. பள்ளங்கள் நிற்கவில்லை. இனி எங்கே என்று முன்கூட்டித் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவது நல்ல முடிவு. பத்திரிகைக்கு அனுப்பினால் உடனே போடுவார்கள். எழுதி முடித்துவிட்டு எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டு படித்துப் பார்த்தேன். மூன்றிலும் ஒரு ஆள் குறைந்தது. முதல் முடிவில் அக்காவை மருத்துவமனைக்குப் போகச் சொன்னது யார்? எழுதவில்லை. மூன்றாவதில் அத்தானுக்கு உண்மையைச் சொன்னது யார்? "தெரியவருகிறது" என்று போட்டிருக்கிறேன். தானாகத் தெரியவருமா? மாடியில் ஒருத்தி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவளை எந்த முடிவிலும் நான் எழுந்து நிற்கவே விடவில்லை.

எனக்கு அழுகை வந்தது. அக்கா என்னைத் தூக்கி வளர்த்தவள். எனக்கு ஏழு வயதில் காய்ச்சல் வந்தபோது பதினோரு நாள் பள்ளிக்கூடம் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். அவள் கழுத்தில் ஒரு வட்டத்தைப் பார்த்துவிட்டு நான் நோட்டைத் தேடிப் போயிருக்கிறேன். சீ.

9

மணி எட்டரை. கீழே மூட்டைகளை ஏற்றுகிற சத்தம் கேட்கிறது. முடியைத் தூக்கிக் கட்டியிருக்கிறாள். இங்கிருந்து பார்த்தால் கழுத்து வெறும் கழுத்தாகத்தான் தெரிகிறது. அங்கே எதுவும் இல்லாமல் இருக்கலாம். அத்தானின் கை ஒரே ஒரு தடவை தப்பாக நின்றிருக்கலாம். பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவை தவறக்கூடாதா?

இந்த மாதிரிக் கதைகளில் இந்த இடத்தில் முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு எழுதுகிறவள் நழுவிவிடுவாள். மூன்று முடிவுகளை மேலே வைத்திருக்கிறேன், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் வேண்டாம். நாலாவது ஒன்று இருந்தால் அதை எழுதவும் மாட்டேன்.

ஜன்னலைத் திறந்து, "அக்கா, வண்டிய எடுக்காத, நானும் வர்றேன்" என்று கத்தப்போகிறேன். அண்ணாந்து பார்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "என்னடி, கதைக்கா?" என்று கேட்பாள். கட்டாயம் கேட்பாள். இல்லக்கா, உன் கழுத்த ஒரு டாக்டர்கிட்டக் காட்டணும் என்று சொல்ல வேண்டும். ஏன் என்பாள். திங்கட்கிழமையே பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டதும் அவள் முகம் எப்படி மாறும் என்று

மூட்டை ஏற்றி முடித்துவிட்டாள். சாவியை எடுக்கிறாள்.